பெயர் எழுதாத பிராது

“ரத்தத்த மாத்தி ஏத்திட்டாங்க! கேக்க ஆளில்லையா?”

கோவிந்தராசுவின் குரல் மகளிர் வார்டைக் கடந்து, இரத்த வங்கியின் கதவு வரையில் சென்று மோதியது.

அவர் மனைவி காசியம்மாளுக்கு மறுநாள் கர்ப்பப்பையில் அறுவை சிகிச்சை. உடம்பில் இரத்தம் போதாதென்று காலையில் ஒரு பை ஏற்றத் தொடங்கினார்கள். பாதிப் பை இறங்குமுன் சிறுநீர் செக்கச் செவேலென்று போயிற்று. நர்ஸ் அக்கணமே இரத்தத்தை நிறுத்தி, மீதிப் பையையும், புதிதாக எடுத்த இரத்தத்தையும், அந்தச் சிறுநீரையும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்.

பொருந்தாத இரத்தம் ஏறினால் அது உள்ளேயே உடையும், சிறுநீர் சிவக்கும், உயிருக்கே கேடு.

பையைக் கொடுத்தனுப்பிய லேப் டெக்னீஷியன் ஆதிலட்சுமி, பெயரைச் சரிபார்க்கக் கட்டிலருகே வந்தாள்.

“இவங்கதானே காசியம்மாள்?”

“என் சம்சாரம் பேர எங்கிட்டயே கேக்குறியாம்மா? பக்கத்து வார்டுல திட்டக்குடி காசியம்மா ஒண்ணு இருக்குதாமே! அதுக்கு வெச்சிருந்தத இவளுக்கு ஏத்திட்ட!”

விருத்தகாசி என்றும் வழங்கப்பெறும் அந்த ஊரில் காசியம்மாள்களுக்குப் பஞ்சமில்லை. ஆதிலட்சுமியின் நெஞ்சிலும் அந்த அச்சமே இருந்தது.

“காலையில என்ன சாப்பிட்டாங்க?”

காசியம்மாள் வாய் திறந்தாள். கணவர் முறைத்தார். மூடிக்கொண்டாள்.

“ரெண்டு இட்லி. மருமவ குடுத்தனுப்புச்சு. நானா சமைச்சேன்? கல்யாணமாயி முப்பத்திரண்டு வருஷம்; வூட்டுல அடுப்படி எந்தத் திக்குல இருக்குதுன்னே எனக்குத் தெரியாது!”

“பெருமையப் பாரேன்!” என்றாள் அடுத்த கட்டில் திரௌபதி.

ஆதிலட்சுமியின் பார்வை அவர் விரல்களில் நின்றது. நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

“கையில என்னங்க?”

“சாயம். பீங்கான் பொம்மைக்குப் பூசறது. தொழிற்பேட்டையில வந்து கேட்டுப்பாரு. கோவிந்தராசு பூசுன கிளி பறந்துடும்ன்னு பொட்டியில வெச்சுப் பூட்டுவாங்க! அத்த வுடு. உங்கிட்ட நியாயம் கெடைக்காது. கேக்குற எடத்துல கேட்டுக்குறேன்.”

அவருடைய மொபெட் மணவாளநல்லூரை நோக்கிப் பறந்தது. அவ்வூர்க் கொளஞ்சியப்பர் சன்னிதியில் தம் குறையைத் தாளில் எழுதிப் பிராதாகக் கட்டுவது இவ்வட்டாரத்து வழக்கம். அங்கே முருகப்பெருமானே நீதிபதி. மூன்று நாளிலோ, மூன்று வாரத்திலோ, மூன்று மாதத்திலோ தீர்ப்பு வந்தே தீரும் என்பது அடியார் நம்பிக்கை.

இங்கே ஆதிலட்சுமி, பொன்னை மாற்று உரைத்துப் பார்ப்பவள்போல ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பையிலிருந்த எண்ணையும் பெயரையும் மும்முறை படித்தாள். பொருந்தின. ஏற்றுமுன் எடுத்திருந்த இரத்தம், புதிய இரத்தம், பையின் இரத்தம் மூன்றும் ஒரே வகை. புதிய இரத்தத்தைச் சுழற்றி எடுத்தாள். மேலே நின்ற நீர் உருக்கிய நெய்போல் தெளிந்திருந்தது. இரத்தம் உடைந்திருந்தால் அது சிவந்திருக்கும். கடைசியாகச் சிறுநீரில் சோதனைப் பட்டையைத் தோய்த்தாள்.

சிவப்பு இருந்தது, இரத்தம் இல்லை.

அவள் வார்டுக்குள் நுழைந்த வேளையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு கோவிந்தராசுவும் நுழைந்தார்.

“கட்டிட்டேன் பிராது! மூணே நாளு. அப்பன் முன்னால ஒன் மிசினெல்லாம் நிக்காது!”

“ஐயா, ஏத்துன ரத்தம் அவங்களுக்கு உண்டானதுதாங்க. சிறுநீர்ல ரத்தமே இல்ல.”

“அப்ப செவப்பு எங்கிருந்து வந்துச்சு?”

ஆதிலட்சுமி மறுபடியும் அவர் விரல்களைப் பார்த்தாள்.

“பட்டறைக்குக் கடைசியா எப்பங்க போனீங்க?”

“எங்க போறது? பதினஞ்சு நாளா இவகூடவே கெடக்குறேன். சாயத்தத் தொட்டே ரெண்டு வாரம்...”

கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று.

“போதுங்க மறைச்சது,” என்றாள் காசியம்மாள். “பீட்ரூட்டும்மா! ரத்தம் ஊறும்ன்னு யாரோ சொன்னாங்களாம். விடியறதுக்குள்ள வூட்டுக்குப் போயி, இவரே தோல் சீவி, மிக்ஸியில அரைச்சு, வடிகட்டி, ஒரு சொம்பு நெறயக் கொண்டாந்து குடிக்க வெச்சாரு. ‘நான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லாத, மானம் போயிடும்’ன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாரு.”

“அடுப்படி எந்தத் திக்குன்னு தெரியாதவரு, மிக்ஸிய எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?” என்றாள் திரௌபதி.

வார்டே சிரித்தது. காசியம்மாளின் சிரிப்பில் மட்டும் கண்ணீர் கலந்திருந்தது.

“ரத்தம் கம்மியா இருக்கறவங்க பீட்ரூட் குடிச்சா இப்படிப் போறது உண்டுங்க,” என்றாள் ஆதிலட்சுமி. “பயமில்ல. வேற பை அனுப்புறேன். நாளைக்கு ஆபரேசன் நடக்கும். ஆனா, குடுத்தப்பவே சொல்லியிருந்தா அந்தப் பாதிப் பை வீணாயிருக்காது.”

தலைகுனிந்து நின்ற கோவிந்தராசு, திடீரென மொபெட் சாவியைத் தேடினார்.

“எங்கங்க ஓடுறீங்க? பிராதுல இருக்குற என் பேர அடிச்சுட்டு வரவா? மெதுவாப் போங்க. நான் ஒண்ணும் பயப்படல,” என்றாள் ஆதிலட்சுமி.

“ஒன் பேரு எனக்கெங்கம்மா தெரியும்!” அவர் குரல் அழுகைக்கு அருகில் வந்துவிட்டது. “‘என் சம்சாரத்துக்கு எதையோ குடுத்துட்டு, கேட்டா மறைக்கிற ஆளு யாராயிருந்தாலும் சும்மா வுடாத சாமி’ன்னு இல்ல எழுதிக் கட்டியிருக்கேன்!”