குரங்கு ஏறிப் பார்த்த சாய்தளம்

பின்னங்கால்கள் விளங்காத வெள்ளாடு ஒன்று, சக்கரப் பலகையில் தன்னை இழுத்துக்கொண்டு மூன்றாவது முறையாகக் காட்டு அலுவலகத்துக்கு வந்தது. கால் விளங்காது என்று சான்றிதழ் வாங்கக்கூட மாடிக்கு நேரில்தான் வர வேண்டுமாம்!

இந்தத் தடவை படிக்கட்டுக்குப் பக்கத்தில் புதுச் சாய்தளம் இருந்தது. ஆடு ஆசையாக ஏறியது. பாதிகூடப் போகவில்லை, பலகை சறுக்கிச் சேற்றில் விழுந்தது.

அதைக் கட்டிய குரங்குப் பொறியாளர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"சுவர் மாதிரி செங்குத்தா நிக்குதே, ஐயா!" என்றது ஆடு.

"சும்மா குறை சொல்லாதம்மா. நானே பத்துத் தடவை ஏறி இறங்கிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்தே போட்டேன்."

ஆட்டுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முகத்துச் சேற்றைத் துடைக்காமலே நிமிர்ந்தது.

"நீங்க ஏறுறதுக்குத்தான் காடு முழுக்க மரம் இருக்கே! இதை யாருக்குக் கட்டினீங்க?"