பூச்சு பிடிக்காத விரல்கள்

ஆய்வகத்தின் வெள்ளை விளக்குக்கடியில் தம்பியின் பிளாஸ்டிக் வலது கை மல்லாந்து கிடக்கிறது. பிடிக்கும் டம்ளர் வழுக்காமலிருக்க, அக்கா அதன் விரல்களில் ரப்பர் மாதிரியான பூச்சு பூசிக் காயவைத்திருக்கிறாள். இப்போது பூச்சு பிடித்திருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறாள். சர்ரென்று பூச்சு முழுசாக உரிந்து வருகிறது. பூச்சில் அவள் ஊசியால் கீறியிருந்த விரல் ரேகைகள்கூட டேப்பில் அப்படியே இருக்கின்றன. “சே! எதைப் பூசினாலும் துப்பிடுதுடா இந்தப் பிளாஸ்டிக்!” டேப்பைக் கசக்கி எறிகிறாள். பக்கத்து ஸ்டூலில் இருக்கும் தம்பி, “விடுக்கா. இத்தனை நாளா இடது கையால குடிக்கலையா?” என்கிறான். “அதான்டா எனக்கு எரியுது!” அவள் உப்புத்தாளை எடுத்து, அந்த விரல்கள் சொரசொரப்பாகும்படி மறுபடி வறட்டு வறட்டென்று தேய்க்கிறாள். பிளாஸ்டிக் கை மேசையில் நழுவுகிறது. தம்பி குனிந்து, இடது கையால் அதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான்.