பழைய எடிட்டர்

ராயப்பனின் தலைக்குள் இருந்த நினைவுச் சில்லு முடங்கி, அவர் மயங்கிக் கிடந்து மூன்று நாளாகிவிட்டது. அதைச் சரிசெய்யும் மீட்பு டிஸ்கில், திருத்தும் மென்பொருளான எடிட்டரில் புதியதைப் போடுவதா பழையதைப் போடுவதா என்று டெக்னீஷியன் பெனிட்டா அவர் மனைவி மெர்லினிடம் கேட்டாள்.

“புதுசு பழுதைத் தானே திருத்திரும்க்கா. துக்கமான ஞாபகத்தையும் பழுதுன்னு அழிச்சிரும். பழசுல நாம தட்டுற எழுத்து மட்டுந்தான் மாறும்.”

மகள் ஷைனியைக் கடல் கொண்டுபோய் ஓராண்டுகூட ஆகவில்லை. அதை மறந்தால் அவராவது நிம்மதியாக இருப்பார். மெர்லின் கணவரின் நெற்றியை வருடினாள்.

“பழசையே போடும்மா.”

பெனிட்டா ஒரே ஒரு வரியைத் திருத்தினாள். ராயப்பன் கண் விழித்து மனைவியைப் பார்த்தார். மெல்ல அவர் முகம் கோணியது.

“நம்ம ஷைனி போயிட்டாளே, மெர்லின்.”

“ஆமாங்க,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாகத் தனியே சுமந்தவள் அவரோடு சேர்ந்து அழுதாள்.