ஆகாயத்தாமரையின் பூ

ஒரு மீன்பண்ணையின் கழிவுநீர்க் குட்டையில் ஆகாயத்தாமரை ஒன்று இருந்தது. பண்ணை மீன்களின் எச்சத்தை அது உறிஞ்சிக்கொண்டதால்தான் கீழே வாய்க்காலில் அயிரை மீன்கள் பிழைத்துக் கிடந்தன.

ஒருநாள் உறிஞ்சிய எச்சம் அதற்கு வேர்வரை நிறைந்துவிட்டது. குட்டையைப் பண்ணைக் குளத்திலிருந்து பிரித்த வலைக்கு அப்பால் நீந்திய கெண்டையிடம், "தீனி போட வரும்போது முதலாளியிடம் சொல். என்னைப் பிடுங்கி எருக்குழியில் போடட்டும். இங்கேயே அழுகினால் நான் தின்றதெல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும்" என்றது.

"இப்படிப் பூத்துக் குலுங்குகிறாய், அதற்குள் என்ன அவசரம் தாயே? உன் பக்கத்தில் நின்றுதானே முதலாளி படம் எடுத்துக்கொள்கிறார்."

"உன் பீயைத் தின்கிறவள் நான். என் பூவைப் பற்றி நீ பேசாதே" என்று சீறியது செடி.

ரோஷப்பட்ட கெண்டை முதலாளியிடம் சொல்லவில்லை. செடி அழுகியது. வாய்க்கால் பச்சையாய் நுரைத்து, அயிரைகள் செத்து மிதந்தன.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "உதவாத செடி. இதைவிட நன்றாகப் பூக்கிறதாகப் பார்த்துக் கொண்டுவந்து விடுங்கள்" என்றார் ஆட்களிடம்.