மூன்றாம் பாடத்தில் தங்கத்தாய்

“என்ன, திரும்பவும் ஃபெயிலா?”

பாவூர்சத்திரம் காய்கறி மண்டியிலிருந்து வந்த பால்வண்ணநாதன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் மனைவி தங்கத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

“திருநீறு பூசி, உலகம்மையைக் கும்பிட்டுட்டுத்தானே உக்காந்தே? அம்மைக்கும் கணக்கு வராது போலிருக்கே!”

“சாமியை எதுக்கு இழுக்கீங்க? என் மண்டைதான் மரமண்டை.”

“நம்ம மண்டி இசக்கிமணி கேக்கான், ‘அண்ணாச்சி, மைனி படிப்பு எந்த மட்டுல இருக்கு?’ன்னு. ‘மூணாம் பாடத்துலயே நிக்கா’ன்னேன். மண்டியே சிரிக்கு.”

தங்கத்தாயும் சிரித்துவைத்தாள்.

பிளஸ் டூ முடித்ததும் அவளுக்குக் கல்யாணம். ‘காலேஜ் கணக்குன்னா எப்படித்தான் இருக்கும்னு பாக்கணும்’ என்று எப்போதோ ஒருநாள் சொன்னாள். புனேயில் வேலை பார்க்கும் மகன் குற்றாலீஸ்வரன், உடனே ஆன்லைன் கல்லூரிக் கணக்கு வகுப்பில் சேர்த்துவிட்டான்.

“உன் இஷ்டத்துக்குப் படிக்கலாம்மா. யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. டெஸ்ட்டு எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம்.”

சேர்க்கும்போது தன் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தான். அதனால் அவள் எழுதுகிற ஒவ்வொரு டெஸ்ட்டின் மார்க்கும் அந்த நிமிஷமே அவனுக்குப் போய்விடும்.

முதல் இரண்டு பாடத்திலும் பாஸ். மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். மூன்றாவது பாடம், மேட்ரிக்ஸ் என்கிற அணிகள். அங்கே போய் உட்கார்ந்தவள்தான். எழுந்திருக்கவே இல்லை.

போன் அடித்தது. அடுப்பில் கொதிக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

“என்னம்மா இது? நேத்துதானே அவ்வளவு நேரம் சொல்லிக் குடுத்தேன்?”

“ஏற மாட்டேங்குதுய்யா. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நல்லாக் கவனி. ஏ-யை பி-யால பெருக்குறது வேற, பி-யை ஏ-யால பெருக்குறது வேற. மாத்திப் போட்டா விடையே மாறிரும்.”

“ஆமாய்யா. நான் உன்னைக் கூப்பிடுததும், நீ என்னைக் கூப்பிடுததும் ஒண்ணாயிருமா?”

“அம்மா! கணக்கைப் பாரும்மா.”

“பாக்கேன்லே. தொண்டை கட்டியிருக்கா உனக்கு? மிளகு ரசம் வச்சுக் குடிக்கலாம்லா? இங்கன சாரல் ஆரம்பிச்சிட்டு. குத்தாலத்துல நல்லாத் தண்ணி விழுதாம். சீசனுக்கு வருவியா?”

“பாப்போம்மா. இப்ப ரெண்டாவது கணக்கை எடு.”

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. பால்வண்ணநாதன்தான் போய் அடுப்பை அணைத்தார்.

கடைசியில் மகன் பெருமூச்சு விட்டான். “எனக்கும் ஆபீஸ்ல வேலை தலைக்கு மேல கெடக்கும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை எழுது. அதுலயும் வரலன்னா நிறுத்திருவோம். உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?”

“நிறுத்தப் போறியா?” அவள் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “வேண்டாம்யா. இந்தத் தடவை சரியா எழுதிருதேன்.”

போனை வைத்ததும் பால்வண்ணநாதன் சொன்னார்: “அவன் சொல்லுததுதான் சரி. ஏளா, புள்ளைக்கு வேலை இல்லையா? பாவம், உன்கூட மல்லுக்கட்டிட்டுக் கெடக்கான்.”

சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு அடுத்த வீட்டு ரஹ்மத்துன்னிசா வந்தாள். பின்னாலேயே அவள் மகள் சனோபர்.

“என்னக்கா, முகம் வாடிக் கெடக்கு? எங்க மவன் ஆசிப் துபாயிலேர்ந்து இப்பத்தான் பேசி வச்சான். வெள்ளிக்கிழமைன்னா ஜும்மா தொழுதுட்டுக் கூப்பிட்டிருவான். தப்பவே தப்பாது.”

“எங்க ஈசுவரனும்தான் கூப்பிடுதான்.”

“ஆமாமா, ஏசுறதுக்கு! எங்க வீடு வரைக்கும் கேக்குது.” ரஹ்மத்துன்னிசா சிரித்தாள். “ஏட்டி சனோபர், நீயும் காலேஜ்ல இந்த எழவைத்தானே படிக்கே? பெரியம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டு வா.”

சனோபர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கத்தாய் சாமி படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, டெஸ்ட்டைத் திறந்தாள்.

முதல் கணக்கு வந்தது. சனோபர் பேனாவைத் திறப்பதற்குள் தங்கத்தாயின் விரல் விடையைத் தொட்டுவிட்டது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

“பெரியம்மா! நூத்துக்கு நூறு!” சனோபர் கூவினாள். “இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தனை நாளும் ஃபெயிலானீங்க?”

போன் ‘டிங்’ என்றது. அதே கட்டைவிரல் படம்.

தங்கத்தாய் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வெளிச்சம் அணைந்தது. தொட்டுப் பார்த்தாள். வேறு ஒன்றும் வரவில்லை. தானே மகனைக் கூப்பிட்டாள்.

“பாத்துட்டேம்மா, சூப்பர்! மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசுதேன்.”

வைத்துவிட்டான்.

தங்கத்தாய் டேப்லெட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்தாள். பிறகு, என்றைக்கோ படித்து முடித்துவிட்டிருந்த நான்காம் பாடத்தின் டெஸ்ட்டைத் திறந்து, ஒரு விடையைத் தொட்டாள்.

“ஐயோ பெரியம்மா, அது தப்பு!”

“தெரியும்ட்டி.” அடுத்த கேள்விக்கும் தப்பான விடையையே தேடித் தொட்டாள் தங்கத்தாய். “சரியாப் போட்டா கட்டைவிரல்தான் வருது. தப்பாப் போட்டாத்தான் எம்புள்ள குரல் வருது.”