இடித்துக் கட்டியவர்

ஒரு புதிர். ஒரு காண்ட்ராக்டர் இருபது கட்டடங்களைச் சொன்ன தேதிக்கு முடித்தவர். இன்னொருவர் ஏழுதான் கட்டினார். அதிலும் ஒன்றைப் பாதியில் தாமே இடித்துவிட்டு மறுபடி கட்டினார். இவர்களில் பொறுப்பானவர் யார்?

அன்று மாலைக்குள் அரசுப் பொறியாளரான ஒரு பெண் இதற்கு விடை எழுதியாக வேண்டும். மூன்று மாடிப் பள்ளிக்கூடம் கட்டுவதற்கான டெண்டர் அது. குறைந்த விலை கேட்டிருந்தவர், இடித்துக் கட்டியவர். பொறுப்பானவர் என்று எழுதினால் வேலை அவருக்கு. இல்லையென்றால் இருபது கட்டடக்காரருக்கு.

இடித்துக் கட்டியவர் எதிரே, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“நாலு மாசம் தாமதம். அபராதம் வேற கட்டியிருக்கீங்க.”

“ஆமாங்க மேடம்.”

“எதுக்கு இடிச்சீங்க? அதிகாரிங்க யாராவது குறை சொன்னாங்களா?”

“இல்லைங்க, அவங்க பாஸ் பண்ணிட்டாங்க. எனக்குத்தான் தூண் மேல சந்தேகம். கலவையில தண்ணி கூடிப்போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டடம் மேடம், தூக்கம் வரலை.”

“வெறும் சந்தேகத்துக்கா இடிப்பாங்க?”

“இடிச்சுப் பார்த்ததும் சந்தேகம் போயிடுச்சுங்க. சம்மட்டியால நாலு அடி அடிச்சதுமே விழுந்துடுச்சு.”

அவரை அனுப்பிவிட்டு, உதவியாளர் பக்கம் திரும்பினார் பொறியாளர்.

“அந்த இருபது கட்டடக்காரர் எப்படிப்பா?”

“டாண்ணு முடிச்சிடுவார் மேடம். மழைக்காலத்துல மட்டும் உள்ளேயே குடை பிடிச்சுக்கணும்.”

“ஃபைல்ல அப்படி ஒண்ணும் இல்லையே?”

“படிவத்துல தேதிக்குத்தான் இடம் விட்டிருக்காங்க. ஒழுகுறதுக்கு விடலை.”

பொறியாளர் சிரிக்கவில்லை.

“நாளைக்கு ஆடிட்ல வந்து, அபராதம் கட்டினவருக்கு ஏன் கொடுத்தீங்கன்னு கேட்டா, உருளப்போறது என் தலை. இருபது கட்டடக்காரருக்குக் கொடுத்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

குறைந்த விலைக்காரர் பொறுப்பானவர் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்கு ஆணை நோட்டீஸ் போர்டில் ஏறியது.

வீட்டில், மேசை மேல் இரண்டு சேர்க்கைப் படிவங்கள் காத்திருந்தன. ஆறாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, பஸ்ஸில் போகிற தூரம். மற்றது பக்கத்துத் தெரு. அடுத்த வருஷம் அந்தப் புது மூன்று மாடிக்கு மாறப்போகிற பள்ளி.

“தூரத்துப் பள்ளிக்கூடமே நல்லா இருக்கும்டி. எவ்வளவு பெரிய மைதானம்!” என்றார் பொறியாளர், கைப்பையைக்கூட இறக்காமல்.

“சின்னப் பொண்ணு, பஸ் எல்லாம் வேண்டாம்னு நேத்து வரைக்கும் நீதானே சொன்னே?” என்றார் கணவர்.

“இப்ப வேண்டாம்னு சொல்லலையே.”

“என் இஷ்டம்னு சொன்னியேம்மா? சத்தியம்கூடப் பண்ணினே!” என்றாள் மகள்.

“பண்ணினேன். ஆனா…”

“ஆனா என்னம்மா?”

பொறியாளர் கைப்பையை இறக்கி வைத்தார்.

மகள், அம்மா கட்டுகிற பள்ளிக்கூடத்தின் படிவத்தில் தன் பெயரை எழுதினாள்.