மலை ஏறுகிற டயர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. என் மனைவி மரகதவல்லி கோபித்துக்கொண்டு மலைமேல் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை அழைத்துவர என் பிக்கப் வண்டிக்குச் சேறு, பாறை எதுவானாலும் பிடித்து ஏறுகிற டயர் வேண்டும் என்று ஆரோக்கியத்தின் கடைக்குப் போனேன்.

"போன தடவை வாங்குனது என்னாச்சு பெரியவரே?"

"பாதி ஏத்தத்துல அவ பேச்சுச் சத்தம் கேட்டுச்சுப்பா. நாலும் வண்டிய விட்டுட்டுக் கீழ உருண்டு போயிருச்சு. நடந்து வீட்டுக்கு வந்து பாத்தா, வாசல்ல தலகுனிஞ்சு நிக்குதுக."

"அதுக்கு முந்துன செட்டு?"

"அதுக தைரியமா அவ வாசல் வரைக்கும் போயிருச்சு. வண்டியிலதான் நான் இல்ல."

ஆரோக்கியம் சிரிக்காமல் ஒரு புது டயரை உருட்டிவந்தான். "மேல புடைச்சு நிக்கிற பட்டனப் பாருங்க, ஒவ்வொண்ணும் கட்டவிரல் மொத்தம் இருக்கு. வழுக்கவே வழுக்காது."

நான் குனிந்து அதனிடம் மெதுவாக அவள் பெயரைச் சொன்னேன். காற்றே அடைக்காத டயர் ஒரு பெருமூச்சு விட்டது.

"இதுவும் யாரையோ நெனச்சு ஏங்குதுப்பா. வேற காட்டு."

அந்த மலைக்கு நான்கு வருடமாகத் தார் ரோடு இருக்கிறது. தினமும் மூன்று முறை பஸ் போகிறது.